ரோட்ஸ்டரை மறுபடி 28 மில்லிமீட்டர் உயர்த்திய கதை

போன ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அந்த இடது வளைவை வண்டி சத்தமில்லாமல் கடந்தது. வளைவின் நடுவில் தார் பெயர்ந்து, ஒட்டுப் போட்டு, அந்த ஒட்டும் பெயர்ந்துபோன இடம் அது. பதினான்கு மாதங்களாக அங்கே முன் சக்கரம் டக்கென்று அடிக்கும், அடுத்த நொடி பின்பக்கம் அரை அடி வெளியே நகரும். இந்த முறை ஸ்டீயரிங் கையில் லேசாக அசைந்தது, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் குனிந்து, முன் ஷாக்கின் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் உருளை) தண்டில் கட்டிவைத்திருந்த கேபிள் டையை, அதாவது பிளாஸ்டிக் கட்டுப்பட்டையைப் பார்த்தேன். 51 மில்லிமீட்டர் இடத்தில் 43 வரை ஏறி நின்றிருந்தது. ஷாக் கடைசி வரை அமுங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பைத் தொடவில்லை. அந்த 8 மில்லிமீட்டர் மிச்சத்துக்குத்தான் இத்தனை மாத வேலையும். நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன். இதே மாதிரி வண்டியை வைத்துக்கொண்டு நான் போன தப்பான வழியில் போகவிருக்கும் யாருக்காவது உதவும்.

வண்டி 1994-ம் வருட மாஸ்டா ரோட்ஸ்டர். 1989-ல் அறிமுகமான முதல் தலைமுறை. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும், மற்ற நாடுகளில் எம்எக்ஸ்-5, மியாட்டா என்றும் விற்ற அதே வண்டி. 1.8 லிட்டர் எஞ்சின், 130 குதிரைத்திறன், எடை சுமார் 1,000 கிலோ, பின் சக்கர இழுவை, நான்கு மூலையிலும் டபுள் விஷ்போன் (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என ஆர்ம்கள் பிடித்திருக்கும் அமைப்பு). கியர்பாக்ஸையும், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீளமான அலுமினியச் சட்டம் நேராக இணைத்திருக்கிறது. ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் இடையில் எந்தத் தொய்வும் இல்லாமல் பின் சக்கரத்துக்கு இழுவை போவது அதனால்தான். இந்த வண்டியில் எனக்கு முதலில் பிடித்ததே அது.

வாங்குவதற்கு முன் மூன்று வண்டிகளை ஒரே சாலையில் ஓட்டிப் பார்த்தேன். நண்பனின் சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ் (ஜிசி8), இன்னொருவர் விற்க வைத்திருந்த ஹோண்டா இன்டெக்ரா டைப் ஆர் (டிசி2), அப்புறம் இந்த ரோட்ஸ்டர். இன்டெக்ராவின் எஞ்சின் மாதிரி ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. 8,000 சுற்றில் 200 குதிரைத்திறன்; 5,700 சுற்றை ஒட்டி வால்வுகளைத் திறக்கும் கேம் மாறும்போது வண்டியின் குரலே மாறிவிடுகிறது. ஆனால் அந்தக் குரலைத் தினசரிச் சாலையில் கேட்க வேண்டுமென்றால் முதல் இரண்டு கியருக்குள்ளேயே கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் போனால் சட்ட வேகம் பின்னால் போய்விடும். இம்ப்ரெஸா அப்படியே எதிர். 2 லிட்டர் பாக்ஸர் டர்போ, நான்கு சக்கர இழுவை. டர்போ விழித்துக்கொள்ள ஒரு கணம் எடுக்கும், அப்புறம் முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி போகும். மழை, மண், பள்ளம் எதையும் அது பொருட்படுத்துவதில்லை. சக்கரம் ஏறி இறங்க அதற்கு நிறைய இடம் இருக்கிறது. அப்போது இதை ஒரு தகவலாக மட்டும் எடுத்துக்கொண்டேன். என் வண்டியில் பிறகு வந்த எல்லாத் தொல்லைக்கும் விடை அந்த வரியில்தான் இருந்தது.

ரோட்ஸ்டர் மூன்றிலும் மெதுவானது, ஆனால் அதை மட்டும்தான் முழுதாக ஓட்ட முடிந்தது. மூன்றாம் கியர் வரை எஞ்சினை இழுத்தாலும் பக்கத்தில் உட்கார்ந்தவர் பயப்படமாட்டார். 1989-லிருந்து 2004 வரை ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் 280 குதிரைத்திறனுக்கு மேல் விளம்பரத்தில் போடுவதில்லை என்று தங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் வைத்திருந்தார்கள். என் தலைமுறை ஆட்கள் அந்த 280-ஐ மனப்பாடமாக வைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள். சாலையில் ஓட்டுகிறவனுக்கு அந்த எண்ணைவிட, சக்கரம் தரையை விடாமல் இருப்பது முக்கியம் என்பது என் முடிவு. ஆனால் வாங்கிய பிறகு நான் செய்த முதல் வேலையே அதற்கு எதிரானதுதான்.

வாங்கிய இரண்டாம் மாதம் காயிலோவர் செட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக, உயரத்தை மாற்றும்படி வருவது) ஒன்று போட்டேன். முன் ஸ்பிரிங் 10 கிலோ, பின் 8 கிலோ. அதாவது ஒரு மில்லிமீட்டர் அமுங்க 10 கிலோ எடை வேண்டும். கம்பெனி ஸ்பிரிங் முன்னால் 3 கிலோ அளவு, பின்னால் 2-க்கும் குறைவு. எண்ணைப் பார்த்தபோதே யோசித்திருக்க வேண்டும். ஷாக்கின் விறைப்பை மாற்றும் 32 படித் திருகு, பளபளப்பான தட்டு, பந்தய மைதானத்து வண்டிகளின் படங்கள் எல்லாம் சேர்ந்து என்னை வாங்க வைத்தன. கூடவே 16 அங்குல ரிம், 205/45 டயர். வண்டியை இறக்கி, சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்தபோது 302 மில்லிமீட்டர். நின்றால் அத்தனை அழகு. போட்ட அன்று அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது நினைவிருக்கிறது.

ஓட்டினால் வேறு கதை. வழுவழுப்பான சாலையில் கத்தி மாதிரி திரும்பியது. சாலை கெட்ட இடத்தில் சக்கரம் தரையைத் தொடுகிற நேரத்தைவிட விடுகிற நேரம் அதிகம் போலிருந்தது. மென்மையாகட்டும் என்று திருகைக் கடைசி வரை தளர்த்தினேன். முதல் தப்பு. ஸ்பிரிங் அத்தனை விறைப்பாக இருக்கும்போது ஷாக்கின் பிடிமானத்தைத் தளர்த்தினால், அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி எழுவதைத் தடுக்க யாருமில்லை. ஒரு பள்ளத்துக்கு மூன்று முறை துள்ளியது. மறுபடி இறுக்கினேன். துள்ளல் நின்றது, பல் அடித்துக்கொண்டது.

ஒரு நாள் நண்பன் இம்ப்ரெஸாவில் பின்னால் வந்தான். அவன் வண்டியில் எல்லாமே கம்பெனி ஸ்ட்ரட் (அந்த வண்டியின் ஷாக்). இரண்டு பேரும் சட்ட வேகத்துக்குள்தான். நல்ல சாலையில் சேர்ந்தே போனோம். ஒட்டுப் போட்ட பகுதி வந்ததும் நான் வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது, அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. இறங்கியதும் சொன்னான்: “டேய், ஒவ்வொரு ஒட்டுலயும் உன் வண்டி தவளை மாதிரி குதிக்குது. பின்னாடி இருந்து பார்க்க எனக்கே பயமா இருக்குடா.” அவன் வண்டி 1,200 கிலோவுக்கு மேல், வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களின் இடைவெளி) 2,520 மில்லிமீட்டர். என்னுடையது 2,265. முன் சக்கரம் வாங்கிய அடி தணிவதற்குள் பின் சக்கரமும் அதே பள்ளத்துக்கு வந்துவிடுகிறது. இதற்கெல்லாம் வண்டியின் பிறவிக் குணம்தான் காரணம் என்று அன்றைக்கு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மழை நாளில்தான் அந்த இடது வளைவு பாடம் நடத்தியது. மெதுவாகத்தான் போனேன். நடுவில் முன்பக்கம் டக்கென்று அடித்தது, பின்பக்கம் நழுவியது, எதிர்ப்பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்பிச் சமாளித்தேன். எதிரே வண்டி வரவில்லை. வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிப்பேன். வீட்டுக்கு வந்ததும் ஜாக் போட்டேன்.

கேபிள் டை வித்தை அன்றுதான் முதலில் செய்து பார்த்தது. செலவே இல்லாத அளவுகோல். ஷாக்கின் பளபளப்பான தண்டில் ஒரு மெல்லிய கேபிள் டையை இறுக்கிக் கட்டி, உடலோடு ஒட்டினாற்போல் கீழே தள்ளிவிட வேண்டும். ஓட்டும்போது ஷாக் அமுங்கினால் உடல் அதை மேலே தள்ளும். எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறதோ அவ்வளவு அமுங்கியிருக்கிறது. முதலில், வண்டி நான்கு சக்கரத்தில் சும்மா நிற்கும்போது ஷாக் உடலுக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று அளந்தேன். 17 மில்லிமீட்டர். இந்த வண்டியின் முன் ஆர்மில் சக்கரம் 10 நகர்ந்தால் ஷாக் சுமார் 7 நகரும். அப்படியானால் சக்கரம் மேலே போக எனக்கு இருந்தது 24 மில்லிமீட்டர், ஒரு அங்குலத்துக்கும் குறைவு. அதற்குப் பிறகு 50 மில்லிமீட்டர் நீளக் கெட்டி ரப்பர். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் கேபிள் டை ரப்பரில் நசுங்கிப்போயிருந்தது.

காரணம் நான் வாங்கிய வகை. வண்டியை இறக்க, கீழ் பிராக்கெட்டையே நகர்த்துகிற காயிலோவர்கள் உண்டு. அதில் ஷாக்கின் பயணம் குறையாது. என்னுடையதில் ஸ்பிரிங் தட்டை இறக்கினால்தான் வண்டி இறங்கும். இறங்கிய ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஷாக் அமுங்க வேண்டிய இடத்திலிருந்து கழிந்தது. வளைவில் சாய்ந்ததுமே ரப்பரில் உட்கார்ந்துவிட்டால், அந்தக் கணத்தில் அந்தப் பக்கத்து ஸ்பிரிங் 10 கிலோ இல்லை, கிட்டத்தட்டக் கல். சக்கரம் பிடியை விடாமல் என்ன செய்யும்?

சரி, திருத்தம். 6 கிலோ முன், 4 கிலோ பின் என்று ஸ்பிரிங்குகள் வாங்கினேன். உள் விட்டமும் நீளமும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். நான் அளக்காமல் நீளம் குறைவாக வாங்கி, ஒரு முறை திருப்பி அனுப்பினேன். உயரத்தை 302-லிருந்து 330-க்கு ஏற்றினேன். சக்கரத்தில் 28 என்றால் ஷாக்கில் ஏறக்குறைய 20. ஆக 17 இப்போது 37 ஆனது. கெட்டி ரப்பரை எடுத்துவிட்டு, படிப்படியாக இறுகுகிற நுரை வகைப் பம்ப் ஸ்டாப்பை 36 மில்லிமீட்டருக்கு வெட்டிப் போட்டேன். இன்னொரு 14 கிடைத்து மொத்தம் 51. இந்த ஸ்பிரிங்குகளோடுதான் அந்த 32 படித் திருகின் மென்மைப் பக்கத்துக்கு உண்மையான வேலை வந்தது. இப்போது முன்னால் கடைசியிலிருந்து 9-வது படி, பின்னால் 6-வது.

பாதி குணமானது. அடிப்பது நின்றது. ஆனால் நேர்ச்சாலையில் வண்டி இங்கும் அங்கும் நழுவிப் போனது, பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுத்தது, பின்னாலிருந்து ஒரு முனகல். சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்ய, அதாவது அலைன்மென்ட் பார்க்கக் கொண்டுபோனேன். மெஷினில் ஏற்றி, கீழே பள்ளத்தில் நின்று அரை மணி நேரம் முயன்றுவிட்டு அந்த அண்ணன் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். “தம்பி, இதுல கேம் போல்ட் ஒண்ணுகூட ஒழுங்கா திரும்பல. புஷ்ஷோட ஒட்டிக்கிச்சு. இன்னும் வலிச்சா உடையும். முதல்ல அதைக் கழட்டிட்டு வாங்க.” பாதி வேலைக்குக் காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டார்.

இந்தத் தலைமுறை ரோட்ஸ்டர் வைத்திருக்கும் எவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். கீழ் ஆர்ம்களில் மொத்தம் எட்டு கேம் போல்ட்டுகள், ஒவ்வொரு மூலைக்கும் இரண்டு. அவற்றைத் திருப்பித்தான் கேம்பர் (சக்கரத்தின் பக்கச் சாய்வு), காஸ்டர் (முன் சக்கரம் திரும்பும் அச்சின் முன்-பின் சாய்வு), பின் டோ (பின் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ பார்க்கும் அளவு) எல்லாம் வைக்க வேண்டும். ஆர்மின் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளைதான் புஷ்; அதன் நடுவே இருக்கும் இரும்புக் குழலுக்குள் முப்பது வருடம் தண்ணீர் புகுந்து துருப்பிடித்தால், போல்ட்டும் குழலும் ஒரே உடம்பு ஆகிவிடும். போல்ட்டைத் திருப்பினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு மறுபடி பழைய இடத்துக்கே வரும். வெளியிலிருந்து பார்த்தால் திரும்புகிற மாதிரியே தெரியும்.

ஐந்து நாள், காலையும் மாலையும் துரு இளக்கும் எண்ணெய் அடித்தேன். முக்கால் மீட்டர் நீளக் கம்பி வைத்து நெம்பினேன். மூன்று போல்ட் மட்டும் வழிக்கு வந்தன. அனல் காட்டிப் பார்த்ததில் ரப்பர் பற்றி எரிந்து புகையும் நாற்றமும் கிளம்பியதே மிச்சம். அந்தப் புகை மூச்சுக்கு நல்லதில்லை, நெருப்பு பக்கத்து பிரேக் ஹோஸுக்கும் பரவலாம். யாரும் செய்யாதீர்கள். மீதி ஐந்தையும் அறுத்துத்தான் எடுத்தேன். முன்னும் பின்னும் போகிற கை ரம்பத்தில் இரும்பு அறுக்கும் நீளமான பிளேடு போட்டு, புஷ்ஷின் முகத்துக்கும், ஆர்ம்களைத் தாங்கும் அடிச்சட்டமான சப்ஃபிரேமின் காதுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய இடைவெளியில் இரண்டு பக்கமும் அறுக்க வேண்டும். ஒரு போல்ட்டுக்கு இரண்டு வெட்டு. முதல் வெட்டுக்கு ஒரு மணி நேரம் ஆனது. வேகத்தைக் குறைத்து எண்ணெய் விட்டு அறுக்கக் கற்றுக்கொண்ட பிறகு இருபது நிமிடம். ஐந்து போல்ட்டுக்கு ஏழு பிளேடு தேய்ந்தது. சப்ஃபிரேமின் காதில் பிளேடு பட்டுவிடக் கூடாது என்பதுதான் இதில் முழுக் கவனமும். ஒரு இடத்தில் எனக்கு ஒரு மில்லிமீட்டர் கீறல் விழுந்தது. அரத்தால் தேய்த்துப் பெயின்ட் அடித்தேன்.

ஆர்ம்கள் வெளியே வந்ததும் புஷ். பாலியூரித்தேன் போடலாம் என்று பலரும் சொன்னார்கள். நான் ரப்பரே போட்டேன். பாலியூரித்தேன் புஷ்ஷுக்கு அவ்வப்போது கிரீஸ் வேண்டும், இல்லாவிட்டால் கிறீச்சிடும். தினமும் ஓட்டும் வண்டிக்கு அந்தப் பராமரிப்பு எனக்கு வேண்டாம். பழைய புஷ்ஷைக் கழற்ற, ரப்பரை டிரில்லால் துளைத்து நடுக்குழலைத் தட்டி எடுத்தேன். வெளிக்கூட்டை உள்பக்கமிருந்து ஒரே ஒரு கோடாக அறுத்துவிட்டால் அது தளர்ந்து தட்டினால் வரும். புதியதை ஏற்ற முதலில் நீள நட்டுக்கம்பி, சாக்கெட், ஒரு துண்டுக் குழாய் வைத்து நானே ஒரு இழுவைக் கருவி செய்தேன். இரண்டு புஷ் கோணலாக ஏறியது. மூன்றாவதில் விட்டுவிட்டு, ஹைட்ராலிக் பிரஸ் இருக்கும் பட்டறைக்கு ஆர்ம்களைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் ஏறியது. அதை முதலிலேயே செய்திருந்தால் இரண்டு வார மாலைகள் மிச்சமாகியிருக்கும். புது கேம் போல்ட்டுகள் எட்டுக்கும் குழலின் உள்ளே படும் இடத்தில் ஒட்டாமல் இருக்கும் கிரீஸைத் தாராளமாகத் தடவினேன். அடுத்த முப்பது வருடத்துக்கு அறுக்க வேண்டியிருக்காது.

அடுத்து நடந்த தப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. வண்டி ஸ்டாண்டுகள் மேல், சக்கரங்கள் காற்றில் தொங்க, ஆர்ம்கள் கீழே சாய்ந்திருக்கும் நிலையிலேயே எல்லா போல்ட்டையும், குறித்த இறுக்கம் வந்ததும் கிளிக் என்று சொல்லும் டார்க் ரென்ச் வைத்து முழு அளவுக்கு இறுக்கினேன். கிளிக் கேட்ட ஒவ்வொரு முறையும் வேலை சுத்தம் என்ற திருப்தி. இறக்கி அளந்தால் முன்பக்கம் 341, பின்பக்கம் 339. ஸ்பிரிங் தட்டைத் தொடவே இல்லை, 10 மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது? நான்கு நாள் ஓட்டினேன். விறைப்பாக இருந்தது, புது ரப்பர் பழகும் என்று விட்டேன்.

ரப்பர் புஷ் சுழலும் சாதனம் இல்லை. நடுக்குழலை போல்ட் இறுக்கிப் பிடித்துவிடும், வெளிக்கூடு ஆர்மோடு போகும், நடுவில் இருக்கும் ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு இடம் கொடுக்கிறது. எந்த நிலையில் இறுக்குகிறோமோ அதுவே அதற்கு ஓய்வு நிலை. தொங்கும்போது இறுக்கினால், வண்டி தரையில் சும்மா நிற்கும்போதே ஒவ்வொரு ரப்பரும் முறுக்கிக்கொண்டு வண்டியை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். பள்ளத்தில் இறங்கினால் இன்னும் முறுக்கும், சீக்கிரம் கிழியும். நான்கு நாளில் கவனித்ததால் கிழியாமல் தப்பியது.

ஆகவே மறுபடி. கெட்டிப் பலகைகளை அடுக்கி ஆணியடித்து 24 சென்டிமீட்டர் உயரத்தில் நான்கு மேடைகள் செய்தேன். வண்டியை ஜாக்கில் தூக்கிச் சக்கரங்களை அவற்றின் மேல் உட்கார வைத்து, உடல் எடை முழுவதும் சஸ்பென்ஷனில் இருக்கும்படி விட்டேன். எதிர்பாராமல் சரிந்தால் தாங்க, உடலுக்குக் கீழே ஸ்டாண்டுகளும் தொட்டும் தொடாமல் இருந்தன. ஓட்டுநர் இருக்கையில் என் எடைக்கு இரண்டு மணல் மூட்டை. எல்லா போல்ட்டையும் தளர்த்தினேன். ஒவ்வொன்று தளரும்போதும் ‘டொக்’ என்று ஒரு சத்தம், வண்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே உட்கார்ந்தது. இரண்டு முனையையும் அமுக்கி ஆட்டிவிட்டு, அந்த நிலையில் இறுக்கினேன். அளந்தால் 330, 331. அந்த இரவு நன்றாகத் தூங்கினேன்.

அலைன்மென்ட்டை முதலில் வீட்டிலேயே நூல் கட்டிச் செய்தேன். வண்டியின் இரண்டு பக்கமும் சக்கர மையத்தின் உயரத்தில் மீன்பிடி நரம்பு, சக்கர மையங்களிலிருந்து சம தூரத்தில். ரிம்மின் முன் விளிம்பு, பின் விளிம்பு இரண்டிலிருந்தும் நூலுக்கு இருக்கும் தூரத்தின் வித்தியாசம்தான் டோ. முன்னும் பின்னும் டிராக் அகலம் (இடது, வலது சக்கரங்களின் இடைவெளி) வேறு என்பதை மறந்து முதல் முறை கணக்குத் தப்பியது. கேம்பருக்கு ரிம்மின் குறுக்கே நேர்ச்சட்டம் வைத்து டிஜிட்டல் கோணமானி. வைத்த அளவுகள்: முன் கேம்பர் மைனஸ் 1.2 டிகிரி, பின் மைனஸ் 1.6, காஸ்டர் 5-க்குப் பக்கத்தில், முன் டோ பூஜ்யம், பின்னால் மொத்தம் 2 மில்லிமீட்டர் உள்நோக்கி. காஸ்டரை வீட்டில் சரியாக அளக்க முடியவில்லை. பிறகு அதே அண்ணனிடம் கொண்டுபோனேன். என் கேம்பர் 0.2 டிகிரிக்குள் இருந்தது, டோ ஒரு பக்கம் 1 மில்லிமீட்டர் தள்ளி. எட்டு போல்ட்டும் இரண்டு விரலில் திரும்புவதைப் பார்த்து அவர் முகத்தில் வந்த சிரிப்பு எனக்குப் போதும்.

16 அங்குல ரிம்மையும் கழற்றிவிட்டேன். குளியலறைத் தராசில் டயரோடு சேர்த்து 17.6 கிலோ, பதிலாகப் போட்ட 15 அங்குலம் 195/50 டயரோடு 14.2. நான்குக்கும் சேர்த்து 13.6 கிலோ. கம்பெனி அளவான 185/60 ஆர்14 டயரின் விட்டம் சுமார் 578 மில்லிமீட்டர், 195/50 ஆர்15 576, நான் போட்டிருந்த 205/45 ஆர்16 591. அதாவது பெரிய ரிம் கியரையே இரண்டு சதவீதத்துக்கு மேல் நீட்டிவிட்டிருந்தது. 130 குதிரைத்திறன் வண்டியில் அது தெரிகிறது. காற்றழுத்தம் பற்றி ஒன்று: மற்ற வண்டிகளின் பழக்கத்தில் 32 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டிருந்தேன். இந்த வண்டியின் ஸ்டிக்கர் சொல்வது 26. இப்போது 27. எதையும் கழற்றாமல் கிடைத்த பெரிய வித்தியாசம் இதுதான்.

பிரேக்கில் புதிதாக எதுவும் இல்லை. 1.8 வண்டியின் முன் டிஸ்க் 255 மில்லிமீட்டர், இந்த எடைக்குச் சாலையில் தாராளம். நல்ல பேட், புது டாட் 4 ஆயில், புது ஹோஸ். பேடை டிஸ்க்கில் அழுத்தும் பின் காலிப்பரில் பிஸ்டனை கிளாம்ப் வைத்து அமுக்க முயலாதீர்கள். பின்பக்கத்தில் 14 மில்லிமீட்டர் மூடி போல்ட்டைக் கழற்றினால் உள்ளே 4 மில்லிமீட்டர் ஆலன் திருகு இருக்கும். அதைத் திருப்பித்தான் பிஸ்டன் உள்ளே போகும். பேட் போட்ட பின் டிஸ்க் பிடிக்கும் வரை இறுக்கி, மூன்றில் ஒரு சுற்றுத் தளர்த்த வேண்டும். என் வண்டியில் முன்பு வேலை செய்த யாரோ அதைத் தொடவே இல்லை; ஹேண்ட் பிரேக் பிடிக்காததற்கும் பிரேக்கில் ஒரு பக்கம் இழுத்ததற்கும் அதில் பங்கு இருந்தது.

செலவைச் சொல்ல, காயிலோவர் செட்டின் விலையை 100 என்று வைத்துக்கொள்கிறேன். 16 அங்குல ரிம்மும் டயரும் 90. விற்றதில் 50 திரும்பியது. மாற்று ஸ்பிரிங் 15. பம்ப் ஸ்டாப் 4. எல்லாப் புஷ்ஷும் எட்டு கேம் போல்ட்டும் 45. பிரஸ் பட்டறைக் கூலி 5. அலைன்மென்ட் 3. பழைய 15 அங்குல ரிம்மும் நல்ல புது டயரும் 55. பிளேடு, எண்ணெய், பலகை எல்லாம் 4. வண்டியை இன்று இப்படி ஓட வைத்ததில் பெரும்பங்கு 45, 55, 3 என்ற மூன்று எண்களுக்குத்தான். அடுத்த முறை இதே வண்டி கையில் வந்தால் முதல் நாளே கேம் போல்ட் திரும்புகிறதா என்று பார்ப்பேன், விலை பேசும் முன்பே. அப்புறம் புஷ், டயர், அலைன்மென்ட். அதை ஆறு மாதம் ஓட்டிவிட்டுத்தான் ஷாக் பக்கம் போவேன். அப்போதும் இந்த வகைக் காயிலோவர் வாங்கமாட்டேன். கம்பெனி நீளத்தில் நல்ல ஷாக்கும் 4 கிலோவை ஒட்டிய ஸ்பிரிங்கும் போதும். டர்போவுக்கென்று சேர்த்துவைத்த தொகையில் டைமிங் பெல்ட், ரேடியேட்டர், ஹோஸ்கள் மாற்றினேன். எஞ்சினை அதற்கு மேல் தொடவில்லை, தொடும் எண்ணமும் இல்லை.

நண்பன் போன வாரம் ஓட்டிப் பார்த்தான். அந்த ஒட்டுப் போட்ட பகுதியில் இரண்டு முறை போய்விட்டு வந்து, எதுவும் சொல்லாமல் டயர் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஃபெண்டர் இடைவெளியைப் பார்த்தான். “இவ்வளவு உயரமாவாடா வச்சிருக்க?” என்றான். பிறகு தன் ஸ்ட்ரட்டிலும் கட்டிப் பார்க்க ஒரு கேபிள் டை கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. ஆர்ம்களைக் கழற்றியபோது வலது முன் மேல் பால் ஜாயின்ட்டின் (ஆர்ம் சக்கரப் பக்கத்தோடு சேரும் உருண்டை மூட்டு) ரப்பர் உறையில் மெல்லிய வெடிப்பு பார்த்தேன். ஜாயின்ட்டில் ஆட்டம் இல்லை, கிரீஸும் காயவில்லை. மழைக்காலத்துக்கு முன் உறையை மட்டும் மாற்றப்போகிறேன். இரண்டு பக்கத்துக்கும் பொருள் வந்து சேர்ந்துவிட்டது.